பிளேட்லெட் இறங்கிய வாரம்

நவம்பர் 11, செவ்வாய்

மழை. ஆம்பூர் வீட்டு மாடியில் துணி அப்படியே நனைகிறதாம். அவரை நேற்று வேலூர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தேன். பிளேட்லெட் நாற்பதாயிரம். ஒன்றரை லட்சமாவது வேண்டுமாம். டெங்கு டெஸ்டில் இல்லை என்று வந்தும் யாரும் நம்பவில்லை. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் டெங்கு, இதுவும் அதுதான் என்கிறார்கள்.

டாக்டர் கேட்டார், "சமீபத்துல வெளியூர் எங்கயாவது போனாரா?" இல்லை என்றேன்.

நாத்தனார் பப்பாளி இலைச் சாற்றோடு வந்தார். "மூக்கப் புடிச்சினு குடிடா." குடித்தார். வாந்தி.

சாயங்காலம் குளிர். அவர் நடுங்கியதில் கட்டிலே ஆடியது. இரண்டு போர்வை. பிறகு நெருப்பாய் உடம்பு, பிறகு வேர்வை.

நவ. 12, புதன்

காய்ச்சலே இல்லை. இட்லி சாப்பிட்டார். ஆனால் பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம். ஈறில் லேசாக ரத்தம். பிளேட்லெட் ஏற்ற வேண்டி வரலாம், கொடுக்க ஆள் தயாராக இருக்கட்டும் என்றார் நர்ஸ்.

வாங்க வேண்டியவை: பால், சார்ஜர், பனியன். மகளுக்குச் சொல்லவில்லை. செமஸ்டர்.

பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இவர் இல்லாமல் நான். எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

நவ. 13, வியாழன்

பிளேட்லெட் கொடுக்க சலீம் பாய் வந்தார். தோல் கொள்முதலுக்கு இவரோடு போகிறவர். எங்கே போய் வந்தீர்கள் என்று கேட்டாள் ரத்த வங்கிப் பெண்.

"ஒடிசாம்மா. போன மாசம்."

"அங்க மலேரியா ஜாஸ்தி. இப்ப எடுக்க மாட்டோம்."

"பேஜார் பண்ணாதம்மா. என் தோஸ்த் உள்ள படுத்துனு இருக்கான். அவனும் என்கூடத்தான் வந்தான்."

நான் குறுக்கே புகுந்தேன். "பாய், அங்க எங்க படுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான் தங்கச்சி. உப்பு போட்ட தோல் பக்கத்துலயே. எண்ணி வாங்கின சரக்க விட்டு நகந்தா மட்டத் தோலா மாத்திடுவானுங்க. கொசு நம்மள தூக்கினு போவும்."

சரக்குக்குப் போவதை எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதாக யாரும் நினைப்பதில்லை. அது வேலை. அதனால்தான் டாக்டரிடம் இல்லை என்றேன். நான் பி.எஸ்சி. விலங்கியல். மலேரியாக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியைக் கலர் பென்சிலில் வரைந்தவள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

டாக்டரிடம் ஓடினேன். சாயங்காலம் நடுங்கும்போதே ரத்தம் எடுத்தார்கள். மலேரியா.

நவ. 14, வெள்ளி

மாத்திரை நேற்றே ஆரம்பம். குளிர் இல்லை, ஆனால் இது குளிர் வராத நாள். பிளேட்லெட் பத்தொன்பது. இன்னும் இறங்குகிறது. டாக்டர் காலில் விழாத குறை.

"மலேரியாலயும் இறங்கும்மா. சீக்கிரமா அழியுது, வீங்கின மண்ணீரல் வேற புடிச்சி வெச்சிக்குது. கிருமி ஒழிஞ்சா தானா ஏறும். ஈறுல கசிவு நின்னுடுச்சு. இப்ப ஏத்த வேணாம்."

"எப்ப ஏறும் டாக்டர்?"

"நாளைக்குச் சாயங்காலம் குளிர் வருதான்னு பாருங்க. வரலன்னா மாத்திரை வேல செய்யுதுன்னு அர்த்தம். மொதல்ல அத சொல்லுங்க."

நாத்தனார் சாற்றை விடவில்லை. "அதுவும் உள்ள போவட்டுமே, இன்னா கெட்டுது?" சண்டை போடத் தெம்பில்லை. நாத்தனார் போனதும் வாஷ்பேசினில் ஊற்றினேன்.

நவ. 15, சனி

மழை விட்டது. பிளேட்லெட் அதே பத்தொன்பது. கண் மஞ்சள். நாளெல்லாம் தூக்கம்.

குளிர் வரும் வேளை. போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைத் திறந்தார்.

"இன்னா அப்டி பாக்குற?"

போர்வை என்று சொன்னாலே குளிர் வந்துவிடுமோ என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.