கல்லறையில் நின்றவர்கள் எத்தனை பேர்

14 நவம்பர் 1986, வெள்ளி. வின்டர்தூர்.

இன்று வேதபாட வகுப்பில் உபதேசியார் ஞானமுத்து, நான்கு சுவிசேஷங்களும் எப்படித் தெரிவாகின என்று விளக்கினார். ஆதிச் சபைகளில் வேறு பலவும் கைமாறினவாம். அப்போஸ்தலர்களோடு தொடர்புள்ளவை என்று நம்பி இந்த நான்கையும் வைத்துக்கொண்டார்களாம். நான்கையும் ஒன்றாக்கி எழுதிய புத்தகத்தைக்கூடப் பிறகு தள்ளிவிட்டார்களாம்.

"ஆண்டவரின்ர கல்லறையில நிண்டது மத்தேயுவில ஒரு தூதன், லூக்காவில ரெண்டு பேர். ஒருத்தரும் அதைத் திருத்தேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. கண்ட ஆக்கள் சொல்லேக்கை அப்பிடித்தான் இருக்கும். அதாலதான் நம்பலாம்."

என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதம் சட்டைப்பையில் இருந்தது. ஊரில் அண்ணனைப் பிடித்துப்போன ஆமிக்காரர் இரண்டு பேர் என்று முதல் விசாரணையில் சொன்னேனாம், அடுத்ததில் மூன்று பேர் என்றேனாம். ஆகவே நான் சொல்வதை நம்பமுடியாதாம். கடிதத்தை உபதேசியாரிடம் நீட்டினேன்.

வாசித்துவிட்டு, "இது சட்டம் தம்பி. அது வேற" என்றார். பிறகு எல்லோரையும் ஜெபத்துக்கு எழும்பச் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு பேரா, மூன்று பேரா, எனக்கே இப்போது தெரியவில்லை. அன்று நான் கட்டிலுக்குக் கீழே ஒளிந்து கிடந்தேன். சப்பாத்துகளைத்தான் கண்டேன். அவற்றின் நடுவே அண்ணனின் வெறுங்கால்கள் போயின.