கொடியில் போட்ட துணி

தர்மபுரம்
02.06.2024

அன்புத் தங்கச்சி பிரியந்தினிக்கு,

அத்தானும் ரஜிதாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கும் எழுது. நான்தான் சுகமில்லை. போனில் சொல்லலாமென்றால் அது எந்நேரமும் ரஜிதாவின் கையில்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு வருஷமாக எனக்கு மாதம் ஒழுங்கில்லை. இருபது நாளிலும் வரும், ஐம்பது நாளிலும் வரும். இப்போது மூன்று மாதமாக ஒன்றுமே இல்லை. காலையில் ஓங்காளிக்கிறது. நாற்பத்தைந்து வயதில், ஆவணியில் மகளின் கலியாணத்தை வைத்துக்கொண்டு, சம்பந்திமார் முன்னால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதா? ரஜிதா சந்தேகப்படக் கூடாதென்று மாதாமாதம் சுத்தத் துணியை நனைத்துக் கொடியில் போடுகிறேன். அந்த நாலு நாளும் சாமி விளக்கு ஏற்றுவதில்லை. அம்மனுக்கும் பொய்.

இங்கே பாமசியில் நிற்பவள் ரஜிதாவோடு படித்தவள். பிள்ளை இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சாமானை நீ வவுனியாவில் வாங்கி அனுப்பு. இதை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அன்புடன் அக்கா,
கௌசலா


செட்டிகுளம்
10.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் கேட்ட சாமானில் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். விடியப் போகும் முதல் சலத்தில் பாருங்கோ. ஒரு கோடென்றால் இல்லை, இரண்டென்றால் பிள்ளை. எதுவானாலும் கிளினிக்குக்கும் போங்கோ.

துணி நனைத்த கதையை வாசித்துச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது எனக்கு அந்தப் புத்தி வரவில்லையே. மூன்று மாதமாகக் கொடியில் என் துணி இல்லையென்று அம்மாவிடம் சொன்னது நீங்கள். பங்கருக்குள் கஞ்சி குடித்து எலும்பும் தோலுமாக வந்தவளுக்கு எப்படி வரும்? என்னை ஒருவரும் கேட்கவில்லை. பத்தே நாளில், பெண்சாதியை இழந்திருந்த பக்கத்துக் கூடாரத்துத் தயாபரனுக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். என் வயிற்றில் ஆரோ ஒருத்தனின் பிள்ளை என்று சொல்லித்தான் அவரைக் கேட்டீர்கள். எனக்குப் பத்தொன்பது வயது.

கலியாணமாகி இரண்டாம் மாதம் எனக்குத் தீட்டு வந்தது. அந்தத் துணியைத் தோய்த்துத் தந்ததும் நீங்கள்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் நல்லவர். ஆனால் நான் பிள்ளையைக் கலைத்துவிட்டேன் என்றே இன்றைக்கும் நினைக்கிறார். நான் சொல்லி நம்பவில்லை.

உங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன்.

தங்கை,
பிரியந்தினி


தர்மபுரம்
19.06.2024

பிரியந்தினிக்கு,

ஒரு கோடுதான். கிளினிக்கிலும் பார்த்தார்கள், மாதம் நிற்கிற வயது என்றார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை.

அன்றைக்குத் துணியைத் தோய்க்கும்போதே எனக்குத் தெரியும், அது பிள்ளையில்லை, பசிதான் என்று. சொன்னால் அம்மா என்னைப் பேசுவா, சனம் சிரிக்கும் என்று வாயை மூடினேன். எனக்கென்று வந்தபோது இரண்டு தரம் பார்த்தேன். உன்னை ஒருதரம்கூடக் கேட்கவில்லை. முதல் கடிதத்தில் எழுதிய வெட்கமெல்லாம் ஒரு வெட்கமா, தங்கச்சி?

இதை அடுப்பில் போடாதே. தயாபரனிடம் கொடு. என் மாதக் கதையும் இதில் இருக்கிறது, அதையும் சேர்த்தே வாசிக்கட்டும்.

தயாபரன், இவள் எதையும் கலைக்கவில்லை. பொய் சொன்னது நான். அன்றைக்கு இவளின் வயிற்றில் பிள்ளை இருக்கவில்லை. சோறும் இருக்கவில்லை.

கௌசலா