எண்டாவ் துறையில் இருந்தவர்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது கடைக்காரப் பெண் கூப்பிட்டாள். "அங்கிள், மெர்சிங் சரக்கு, இன்னைக்குத்தான் வந்துச்சு லா. முகர்ந்து பாருங்க." டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தி ஆறு வருடமாகிறது. ஆனாலும் முகர்ந்து பார்த்தேன். பிறகு அங்கே நிற்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன். நண்பா, நீ போய்ச் சேர்ந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளால் மலாயாவில் வந்த அவசரகாலம் முடிந்து ஜொகூர்ச் சாலைகளில் பயமில்லாமல் போகலாம் என்று ஆன பிறகு வந்த முதல் பள்ளி விடுமுறை அது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த நம் தமிழ்ப் பள்ளியில் நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மீன் லாரி ஓட்டுபவர் ஒருவர் உன் அம்மா வேலை செய்த மசாலா மில்லில் வந்து ஒரு செய்தி சொன்னார். மெர்சிங்கைத் தாண்டி எண்டாவ் என்று ஓர் ஊர், ஆறு கடலில் கலக்கிற இடம், அங்கே மலாய்க்காரர் வீட்டில் ஒரு தமிழர் இருக்கிறார், யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பியவர், பேர் ஊர் எதுவும் நினைவில்லை என்றார். ஒரு வார்த்தை மட்டும் சொல்வாராம். குளுவாங். உன் அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும் குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்துதான். அப்போது உனக்கு ஐந்து வயது. அவர் முகம் உனக்குத் தெரியாது. வீட்டில் படமும் இல்லை.

உன் அம்மா வரமாட்டேன் என்றார். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக மிளகாய்த்தூள் படிந்த கையோடு நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ போய்ப் பாரு. லாரில ஏறினப்புறம் என்கிட்ட என்ன சொன்னாருன்னு கேளு. 'ஆட்டைப் பிடிச்சுக் கட்டு, மழை வரப்போவுது'ன்னாரு. பொண்டாட்டி புள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஆட்டைப் பத்திச் சொன்னாரு மனுஷன். அது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். சொன்னாருன்னா கையோட கூட்டிட்டு வந்துடு."

மெர்சிங்கில் இறங்கியபோது மத்தியானம். கடற்கரையில் சவுக்கு மரங்கள், எதிரே நீலமாகத் தீவுகள். விடுமுறைக்கு வந்தவர்களைப் போல மணலில் நடந்தோம். நீ கையில் ஒரு பொட்டலத்தை விடாமல் வைத்திருந்தாய். புது வேட்டியும் சட்டையும். அளவு தெரியாததால் உன் அளவிலேயே சட்டை எடுத்திருந்தாய்.

"வாத்தியாரே, அவரைப் பாத்ததும் நான் என்னன்னு கூப்பிடறது?"

"அப்பான்னுதான்."

"வாயில வராதுடா. அந்த வார்த்தைய நான் வகுப்புல சொல்லிக்குடுத்திருக்கேனே தவிர, கூப்பிட்டதே இல்லை."

மறுநாள் காலையில் எண்டாவ் பேருந்து. ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை. மரக்கால்களின்மேல் நிற்கும் பலகை வீடுகள், படகுத்துறை, பழுப்பு நிறத்தில் அகன்று கிடந்த ஆறு. ஆறு எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. துறையில் பாயை விரித்து ஒருவர் பொடி இறாலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கால் முழங்காலோடு போயிருந்தது. உன்னைப் போலவே உயரம். நான் அவர் காதைப் பார்த்தேன், உன் காதைப் பார்த்தேன். நீ அவர் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நம்மிடம் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. நல்ல வாத்தியார்கள் என்று பேர் வாங்கித் தந்த பழக்கம். மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டுப் பிள்ளை விழித்தால், "கடல் தண்ணி சூடாகி…" என்று எடுத்துக்கொடுப்பாய். "ஆவியாகி!" என்று அவன் பிடித்துக்கொள்வான். அவன் முகம் மலர்வதைப் பார்க்க நமக்கு ஆசை. அன்றைக்கும் நீ அதைத்தான் செய்தாய்.

"லாரில ஏறினப்புறம் எங்க அம்மாகிட்ட ஒண்ணு சொன்னீங்களே, நினைவிருக்கா?"

அவர் உன்னையே பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. நீ பொறுத்திருக்கலாம். அந்த மௌனத்தை உன்னால் தாங்க முடியவில்லை.

"ஆட்டை…" என்றாய்.

"ஆமா. ஆடு."

"ஆட்டைப் பிடிச்சு…"

"கட்டு," என்றார். "கட்டச் சொன்னேன்."

நீ மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்த வார்த்தை உன் வாயில் வந்ததும் அப்போதுதான். "அப்பா" என்றாய். அவர் "ஆமா" என்றார். பொட்டலத்தைப் பிரித்துச் சட்டையைப் போட்டுவிட்டாய். தோள் சரியாக இருந்தது.

அவரை வைத்திருந்த வீட்டுக்கார மலாய் அம்மாள் படியிறங்கி வந்து, நாம் இருவரும் கொஞ்சம் தள்ளி வரும்படி சைகை காட்டினார். மலாயில் மெதுவாகத்தான் பேசினார். யார் எதைக் கேட்டாலும் அவர் ஆமா என்றுதான் சொல்வார், ஜப்பான்காரனிடம் இல்லை என்று சொன்னவன் பிழைத்திருக்க மாட்டானே என்றார். போன வருடம் பத்து பகாட் ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளைகளோடு வந்து என் புருஷன்தான் என்று அழுதாளாம். அவளுக்கும் ஆமா என்றாராம். பிறகு அவள் மாமியார் வந்து பார்த்து, இது என் மகன் இல்லை என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

நீ திரும்பிப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தாய். "வீட்டுல மாடும் இருந்துச்சா?" "ஆமா, மாடு." "எனக்கு ரெண்டு அக்கா இருந்தாங்க, இல்ல?" "ஆமா. ரெண்டு பொண்ணு." உன் வீட்டில் மாடு இருந்ததில்லை. நீ ஒற்றைப் பிள்ளை. அதற்குமேல் நீ எதுவும் கேட்கவில்லை. அவர் புதுச் சட்டையோடு மறுபடியும் இறாலைக் கிளறத் தொடங்கினார்.

திரும்பும் பேருந்து கோத்தா திங்கியைத் தாண்டியது. அப்போது, "கட்டுங்கிறதை அவராத்தானேடா சொன்னாரு?" என்றாய்.

"ஆமா, அவராத்தான் சொன்னாரு."

"ஆட்டைப் பிடிச்சா வேற என்ன செய்வாங்க? கட்டத்தான் செய்வாங்க."

"வெட்டவும் செய்வாங்க," என்றேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். இனிமே எத்தனை தடவை போய்க் கேட்டாலும் அது நான் சொல்லிக்குடுத்த பதில்தான்."

உன் அம்மா வாசலில் நின்றிருந்தார். "அவரு இல்லம்மா," என்றாய். "கேட்டியா?" "கேட்டேன்." "என்ன சொன்னாரு?" "ஒண்ணும் சொல்லலை." "சரி, கையைக் கழுவிட்டு வாங்க, ரெண்டு பேரும் சாப்பிடுங்க," என்று உள்ளே போனார்.

சில வருடங்கள் கழித்து உன் அம்மா பொட்டோடும் தாலியோடும் இறந்தபோது, காரியம் செய்ய வந்த ஐயர் உன்னிடம் கேட்டார்: "தகப்பனார் இருக்காரா, இல்லையா? அதைப் பொறுத்துத்தான் மத்ததெல்லாம்." பந்தலில் அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். "தெரியாது சாமி," என்றாய். அதற்குள் அந்த வீட்டுக்கார அம்மாளும் இறந்து, பிள்ளைகள் எங்கேயோ பிரிந்து போய், இறால் காயப்போட்டவர் என்ன ஆனார் என்று சொல்லவும் எண்டாவில் ஆள் இல்லை. நீ தனியாகப் போய்த் தேடிவிட்டு வந்து என்னிடம் ஒரே வரியில் சொன்னாய். உயிரோடு இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் விடுவது பாவம் என்பார்கள். ஆடி அமாவாசைக்கு எல்லாரும் கடற்கரைக்குப் போவார்கள். நீ கிளமெண்டி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுத் திருத்துவாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருத்த நோட்டு இல்லாமல், சும்மா உட்கார்ந்திருப்பாய்.

உன் பதினாறாம் நாள் உன் மகன் என்னிடம் வந்தான். "மாமா, அப்பா பேருக்கு அடுத்து தாத்தா பேரையும் சொல்லணுமாம். சொல்லலாமா?" கணக்குப் பார்த்தால் நூறு வயதைத் தாண்டியிருப்பார். சொல்லப்பா என்றேன். அவனுக்கு எண்டாவைப் பற்றி எதுவும் தெரியாது. நீ சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. நீ ஒரு நாளும் தண்ணீர் விட்டுச் சொல்லாத அந்தப் பேரை அவன் சத்தமாகச் சொல்லித் தண்ணீர் விட்டான்.

நண்பா, உனக்கு ஆறுதலாக எழுத ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். கிடைக்கவில்லை. அந்தத் துறையில் நாம் விட்டுவிட்டு வந்தது உன் அப்பாவையா என்பது எனக்குத் தெரியாது. யாரோ ஒருவருடைய அப்பாவை விட்டுவிட்டு வந்தோம். அது மட்டும் தெரியும்.