நீங்கள் மாற்றிச் சொன்ன வாக்கியம்

இன்று காலை படகுக் கொட்டகையில் வார்னிஷ் டின்னைத் திறந்தேன். மூடியை நெம்பியதும் குப்பென்று வந்த வாடையோடு நீங்களும் வந்து நின்றீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமையாவது உங்கள் நினைப்பு இல்லாமல் வேலை செய்யலாம் என்றுதான் போயிருந்தேன். செத்துப்போன பிறகும் அந்தக் கொட்டகையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை போலும்.

நானும் ரெஜினாவும் அந்தத் துடுப்புப் படகுச் சங்கத்தில் சேர்ந்தது மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு. ரூ பெர்தொனே தெருவில் நான் நகைக்கடையில் நிற்கிறேன். அதே கட்டடத்தின் மாடியில் அவள் ரவிக்கை தைத்தாள். மன்னார்க்காரி. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் கால்வாயோரம் ஒட்டியிருந்த தாளைப் படித்தவளும் அவள்தான். குளிர்காலச் சனிக்கிழமைகளில் படகுகளைச் சுரண்டி வர்ணம் பூசிக் கொடுத்தால், வெயில் வந்ததும் நாமும் துடுப்பு வலிக்கலாம். நாள் முழுக்க நின்றும் குனிந்தும் இறுகிப்போன எங்கள் இரண்டு முதுகுகளுக்கும் அது ஆசையாக இருந்தது.

குளிர்கால வேலைகளுக்குப் பொறுப்பு நீங்கள். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோஷத்தில் "அண்ணை" என்றேன். நீங்கள் பிரெஞ்சில் பதில் சொன்னீர்கள். ஆட்கள் முன்னால் நான் "மதாம்", யாரும் இல்லாத மூலையில் "ஏம்மா". எங்களைத் திட்டுவதற்கு மட்டும் தமிழை வைத்திருந்தீர்கள். நானும் ரெஜினாவும் எங்களுக்குள் பேசிச் சிரித்தால் சுவரில் தட்டுவீர்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: எல்லோருக்கும் முன்பே வந்து ஹீட்டரைப் போட்டு வைப்பவர் நீங்கள்தான். அந்தச் சூட்டில்தான் எங்கள் விரல்கள் மடங்கின. அதற்காக மற்றதை மறக்க முடியாது.

ஜனவரியில் பெரிய மரப்படகை என்னிடம் தந்தீர்கள். பக்கப் பலகையில், துடுப்பைத் தாங்கும் இரும்பு பூட்டியிருந்த இடத்தில், பழைய வர்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரல் உள்ளே போனது. தேநீரில் ஊறிய பாண் துண்டு போல இருந்தது மரம். உங்களைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ. மரம் உக்கிப் போச்சு."

"உக்கியா? அப்படின்னா என்னாம்மா?" என்று சிரித்தீர்கள். உங்களுக்குப் புரியாமல் இல்லை. என் விரல் போன இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தீர்கள்.

"பலகையை மாத்தோணும். இரும்பு நிக்காது."

"மார்ஸ் மாசம் மெரியிலேருந்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள பலகைக்கு எங்க போறது? அடைச்சிட்டுப் பூசும்மா. நான் பாத்துக்கறேன்."

அடைத்தேன். பூசினேன். மூன்று பூச்சு. சுவரில் தொங்கிய வேலைத் தாளில், முடிந்தது என்ற கட்டத்துக்கு எதிரே கையெழுத்தும் போட்டேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை நினைத்தால் உங்கள் மேல் வருகிற கோபத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது.

மார்ச்சில் நீங்கள் சொன்ன மெரி ஆட்கள், நகரசபைக்காரர்கள், வந்தார்கள். நீங்கள் கழுத்துப்பட்டி கட்டியிருந்தீர்கள். நான்கு பெண்கள் அந்தப் படகில் ஏறினார்கள், அதில் ஒருத்தி ரெஜினா. கரையை விட்டு இரண்டு தடவை துடுப்பு வலித்திருப்பாள். இரும்பு பலகையோடு பிய்ந்து வந்தது. பின்பக்கமாகத் தண்ணீருக்குள் விழுந்தாள். பிடிக்க நீட்டிய கை படகுக்கும் கற்சுவருக்கும் நடுவில் அகப்பட்டது. அவளை இழுத்து மேலே போட்டபோது உதடு நீலம். வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அது இன்றைக்கும் நேராகவில்லை. ஊசி பிடித்தால் கால்மணி நேரம், அதற்கு மேல் முடியாது. தையல் மெஷினை விற்றுவிட்டாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. நீங்கள் வேலைத் தாளை மேசையில் வைத்து என் கையெழுத்தைக் காட்டினீர்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடையில் விற்கப் போதுமான பிரெஞ்சு எனக்கு அந்த மேசையில் போதவில்லை. அப்போதும் உங்களை நம்பி, உங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"அண்ணை, உக்கிப் போச்செண்டு நான் அப்பவே சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

தலையை ஆட்டினீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்களிடம் பிரெஞ்சில் சொன்னீர்கள்: "மதாம் மன்னிப்புக் கேட்கிறார்."

அந்த அளவு பிரெஞ்சு எனக்குத் தெரியும். தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும். சங்கத் தலைவி என் கையைத் தடவிக்கொடுத்து, "பரவாயில்லை, யாருக்கும் நடக்கும்" என்றார். கேட்காத மன்னிப்பு எனக்குக் கிடைத்துவிட்டது.

நான் சங்கத்தை விட்டுப் போவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். போகவில்லை. படகைத் தொட விடவில்லை. துடுப்புகளை மட்டும் தேய்க்கத் தந்தார்கள். தேய்த்தேன். வேலை முடிந்து வாரம் இரண்டு நாள் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். ஆசிரியை எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது, "ஓராளுக்கு ஒரு வசனம் சொல்லோணும்" என்பதைப் பிரெஞ்சில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இரண்டு வருடங்கள். வருடாந்தக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது நீங்கள் செத்துப்போனீர்கள். ரெஜினா உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். நான் அன்றைக்கு அவளோடும் பேசவில்லை.

பிறகு தலைவி வந்தார். பலகை மாற்றித் திருத்திய மரப்படகுக்கு உங்கள் பெயர் வைக்கப் போகிறார்களாம். உங்கள் மனைவி வருகிறாராம். நான் உங்கள் ஊர்க்காரி என்பதால், தமிழில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். உங்கள் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்று சொல்லவில்லை. சரி என்றேன்.

போன சனிக்கிழமை, பெயர் வைக்கும் கூட்டத்தில், எழுந்து நின்று பிரெஞ்சிலேயே பேசினேன். மரம் உக்கியிருந்தது. இவரிடம் சொன்னேன். பூசச் சொன்னார். பூசியது நான்; அது என் பிழை. ஆனால் அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் சொன்னதை இவர் மாற்றிச் சொன்னார். ஒரு வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னேன், ஆனால் யாருக்கும் புரியாமல் போகவில்லை. ஒருவரும் கை தட்டவில்லை. தலைவி தரையைப் பார்த்தார். ரெஜினா பின்வரிசையில் அழுதாள்.

உங்கள் மனைவி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தார். "வூட்லயும் அப்படித்தாம்மா. நாப்பது வருஷமா நான் ஒண்ணு சொல்லுவேன், வெளியில அவர் வேற சொல்லுவார்" என்றார். பிறகு ரெஜினாவிடம் போய், அந்தக் கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். படகுக்கு இப்போது பெயர் இல்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை. செத்த மனிதரோடு என்ன கோபம் என்று ரெஜினா கேட்கிறாள். அவளுடைய கையைப் பார்த்தால் எனக்கு ஆறுவதில்லை.

இப்போது எங்கள் கடைத்தெரு இருக்கும் லா ஷப்பேலில் பலர் மொழிபெயர்க்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும். இரண்டு நாள் முன்பு ஒரு வயதான அம்மா, நான்காவது தடவையாகத் திருப்பி அனுப்பிய அதிகாரியைக் காட்டி, "இந்த மனுசிக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ எண்டு கேள் பிள்ளை" என்றார். சொல்லிவிட்டு, கேட்டே விடுவேனோ என்று என் முகத்தைப் பார்த்துப் பயந்தார். "அப்பிடியே கேக்கட்டோ?" என்றேன்.

"ஓம்."

அப்படியே கேட்டேன்.