தங்கூசி வலையும் உரப் பையும்

11.02.2025, செவ்வாய்

கூரைத் தகரம் மறுபடி காற்றில் அடித்தது. யசோதினியிடம் சொன்னேன், "உன்ர புருசனுக்குச் சொல்லு, தகரம் கிளம்புதெண்டு." மருமகன் கிரிசாந்த் கைக்கெட்டும் தூரத்தில்தான் வலை தைத்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடம். கலியாணத்தன்று, மகளுக்கென்று நான் கட்டிக் கொடுத்த இந்த வீட்டைப் பார்த்து அவருடைய தாய், "கோழிக்கூட்டுக்கும் தகரம் போட்டிரிக்கி" என்றாள். அவர் சிரித்தார். எந்தப் பல் தெரிந்தது என்பதுகூட எனக்கு ஞாபகம். அன்றிலிருந்து நான் அவரோடு நேரே ஒரு சொல் பேசியதில்லை.

பின்னேரம் ஏறி, தகரத்தின் மேல் கல் வைத்தார். என்னிடம் சொல்லவில்லை.

13.02.2025, வியாழன்

மருமகனைப் பிடித்துவிட்டார்கள். களப்புத் தண்ணீரில், விடிய. தடை செய்த தங்கூசி வலை, கண்ணுக்குத் தெரியாத நைலோன் நரம்பில் பின்னியது. அவருடைய தோணி பழுதென்று ஊர்க்காரன் கனகசூரியத்தின் தோணியை இரவல் வாங்கிப் போயிருந்தார். அதற்குள் ஒரு உரப் பையும் இருந்ததாம்.

14.02.2025, வெள்ளி

28ஆம் திகதி வரை மறியலில் அடைத்துவிட்டார்கள். சட்டத்தரணி பிடிப்போம் என்று யசோதினி அழுதாள். வேண்டாம் என்றேன். வலை வழக்குக்குப் பனிச்சங்கேணியில் எவர் சட்டத்தரணி பிடித்தார்? என் புருசன் மூன்று தரம் போனார். பெயர் கூப்பிட்டதும் "குற்றவாளி" என்றார், தண்டம் கட்டினார், பகல் சோற்றுக்கு வீட்டில். இல்லையென்று மறுத்த என் தம்பிதான் நான்கு வருடம் வழக்குத் தவணைக்கு அலைந்தான்.

19.02.2025, புதன்

கனகசூரியத்தின் வீட்டுக்குப் போனேன்.

"தோணி என்ர, அக்கா. பை என்னதில்ல."

"அப்ப பை நீந்தி வந்து ஏறினதா?"

அவன் தன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதையும் மறக்கமாட்டேன்.

28.02.2025, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

காலையில் நீதிமன்ற வளவில், கம்பிக்குள் நின்றார். ஒரு நிமிடம் விட்டார்கள். நான் நேரே பேசினேன்.

"ஒத்துக்கொள்ளுங்க. தண்டத்தக் கட்டிட்டு வீட்ட போவம்."

திகைத்துப் பார்த்தார். "மாமி, அந்தப் பை என்னதில்ல. அதுக்குள்ள என்ன இரிந்ததெண்டும் எனக்குத் தெரியா."

"பையப் பத்திக் கதைச்சா வழக்கு இழுபடும். பேசாம ஓம் எண்டு சொல்லுங்க."

"நீங்க சொன்னாச் சரி, மாமி."

இரண்டு குற்றச்சாட்டு வாசித்தார்கள். ஒன்று வலை. மற்றது, அந்தப் பைக்குள் மீன்பிடிக்க வெடிமருந்து வைத்திருந்தது. இரண்டாவதை வாசித்தபோது அவர் திரும்பி என்னைத்தான் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஏன் ஆட்டினேன்? விளங்காமல்தான் ஆட்டினேன். எல்லாம் ஒரே வழக்கு எண்டுதானே நினைச்சன். வெடிக்கு வேற கணக்கெண்டு ஆருக்குத் தெரியும் — கேட்டிருக்கலாமே, வாயிருந்ததே.

"குற்றவாளி" என்றார். இரண்டுக்கும்.

மூன்று வருடம்.

04.03.2025, செவ்வாய்

இலவச சட்ட உதவிக் கந்தோரில் நிஸ்மியா என்ற சட்டத்தரணி. கோபிக்காமல் சொன்னா. கோபித்திருக்கலாம்.

"ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாப் பதில் சொல்லலாம், அம்மா. வலைய ஒத்துக்கொண்டு, மத்தத்துக்கு 'சுத்தவாளி' எண்டிருந்தா, பை அவருடையதெண்டு அவங்கதான் நிரூபிக்கோணும். சட்டத்தரணி வேணுமெண்டு தவணை கேட்டிருக்கலாம். வாய மூடிட்டு நிக்கவும் உரிமை இரிக்கி."

வாய் மூடி நிற்கப் பதினொரு வருடம் தெரிந்தது எனக்கு. அந்த ஒரு நிமிடம்தான் தெரியவில்லை.

மேன்முறையீடு செய்யலாமா என்று மகள் கேட்டாள்.

"அவரே ஒத்துக்கொண்டபடியால் தண்டனை கூடிட்டெண்டு மட்டுந்தான் கேக்கலாம். இந்தக் குற்றத்துக்கு ஆகக் குறைஞ்சதே மூண்டு வருசம். மேல் நீதிமன்றத்துக்கு ஒரு மனுப் போட்டுப் பாக்கிறன். நம்பி இருக்காதீங்க."

பஸ்ஸில் யசோதினி தனி இருக்கையில் போய் இருந்தாள்.

05.03.2025

கோட்டிலிருந்து மீட்டு வந்த தோணிக்குக் கனகசூரியம் புது நிறம் அடிக்கிறான்.

27.03.2025, வியாழன்

மனுவை விசாரணைக்கு எடுக்கவில்லையாம். நிஸ்மியா போனில் சொன்னா. மகள் கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

இந்தக் கொப்பியில் ஆர் ஆர் எனக்கு என்ன செய்தார்கள் என்று பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. 28ஆம் திகதிக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். என்னுடையதை எழுதினேன்.

11.04.2025, வெள்ளி

சித்திரை வருசப் பிறப்புக்கு முதல், அவரைப் பார்க்க மறியலுக்குப் போனோம். பலகாரத்தை உள்ளே விடவில்லை. மெலிந்திருந்தார், தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தார்கள். நான் முன்னால் போய், கம்பி வலையில் விரல் வைத்து, "தம்பி, என்னால" என்று தொடங்கினேன்.

அவர் சிரிக்கவில்லை, முறைக்கவுமில்லை. எனக்குப் பின்னால் நின்ற யசோதினியைப் பார்த்தார்.

"மாமிட்டச் சொல்லு," என்றார், "மழைக்கு முதல் அந்தத் தகரத்துக்கு இன்னொரு கல் ஏத்தச் சொல்லி."

"சொல்லுறன்" என்றாள் மகள்.