படங்கு மூடாத டெய்ம்லர்

பெரியாஸ்பத்திரி, இரத்தினபுரி
14.06.1997, சனிக்கிழமை

அன்புள்ள லதா அப்பாவுக்கு,

வழக்கமாக நாங்கள் சுகம் என்றுதான் முதல் வரி எழுதுவேன். இன்றைக்கு அதை எழுத முடியாது. நம் லதாவைப் புதன்கிழமை காலையில் பாம்பு கடித்துவிட்டது. உயிரோடுதான் இருக்கிறாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் தம்பி அஜந்தனிடம் எதையும் கேட்காதீர்கள். நீங்கள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கும் வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

கொழும்பில் நீங்கள் தங்கியிருக்கும் கராஜுக்கு அஜந்தன் இரண்டு தடவை போன் பண்ணினான். முதல் தடவை உங்களைக் கேட்டதற்கு, வேலு பாஸ் கார்ச் சாமான்களுக்கு முலாம் பூசுகிற இடத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். இரண்டாம் தடவை நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். கார் விஷயம் என்றால் சொல்லச் சொல்லு, வீட்டு விஷயம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று சொல்லு என்று ஆளிடம் சொல்லிவிட்டீர்களாம். அஜந்தன் போனை வைத்துவிட்டு வந்து என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். இது கார் விஷயமும்தான். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தைக் கம்பனி எடுத்தபோது, பங்களா கொட்டிலில் கிடந்த பழசுகளையெல்லாம் விற்றார்களே, அன்றைக்கு ஆரம்பித்தது இது. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன டெய்ம்லர் காரை ரஸாக் ஹாஜியார் வாங்கினார். பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நீங்கள் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்த பார்வை, பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்மேல் விழவில்லை. இலங்கையில் இந்த மாதிரி இன்னொன்று ஓடவில்லை, இங்கேயே விட்டுவையுங்கள் ஹாஜியார், நான் ஓட வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள். மனுஷன் நம்பினார். அதற்கப்புறம் நம் லயத்து வீடுகளில் எல்லோரும் என்னிடம் உன் சக்களத்தி எப்படி இருக்கிறாள் என்றுதான் விசாரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். எனக்கு அந்தக் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அவளுக்கு ஐந்து வருஷமாகியும் முடியவில்லை.

ரப்பர் ஃபெக்டரியில் வேலை முடிந்ததும் நேரே கொட்டிலுக்குத்தான் போவீர்கள். உளுத்துப்போன மரச் சட்டத்தைக் கழற்றிப் பலா மரத்தில் புதுசு செய்தீர்கள். சீமைக்குக் கடிதம் போட்டுச் சாமான் எடுப்பித்தீர்கள். நம் கூரைக்கென்று தந்த தகரத்தைக் கொட்டில் கூரையில் அடித்தீர்கள். அந்த மழைக்காலம் முழுக்க லதா குடை பிடித்துக்கொண்டு பாடம் எழுதினாள். நான் சத்தம் போட்டபோது அவள்தான் என் வாயை மூடினாள். அப்பா பாவம், கார் நனைஞ்சா துரு புடிச்சிரும்மா என்று எனக்கே விளக்கம் சொன்னாள்.

போன தீபாவளிக்கு எஞ்சின் ஓடியதே, அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அஜந்தன் உங்களிடம் கேட்காமல் கேட் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தான். ஒரு கீறல் விழவில்லை. நீங்கள் அவனைப் பெற்றவளையும் சேர்த்து ஏசினீர்கள். அதிலிருந்து வேலை முடிந்ததும் எஞ்சினிலிருந்து ரோட்டரைக் கழற்றிவிடுவது வழக்கமானது. கட்டை விரல் அளவு இருக்கிற அந்தக் கறுப்புத் துண்டு இல்லாவிட்டால், சாவி இருந்தாலும் பெற்றோல் இருந்தாலும் வண்டி கிளம்பாது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். ராத்திரியில் அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துத் திருநீறு பூசுவீர்கள். காலையில் கும்பிட்டுவிட்டு எடுப்பீர்கள். எனக்கு அது பழகிப் போய்விட்டது.

இனிப் புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

ஹாஜியார் மகள் கலியாணத்துக்குள் காரை முடிக்க வேண்டும் என்று கொழும்புக்குப் போகும்போது லதாவிடம் ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனீர்கள். காரை மூடுகிற படங்குக்கு உள்ளே ஈரம் தங்கினால் புதுப் பெயின்ட் கொப்பளிக்கும், விடிந்ததும் படங்கை எடுத்துக் காயப்போட வேண்டும் என்று. காரைத் தொட அவள் ஒருத்திக்குத்தானே நீங்கள் அனுமதி கொடுத்தது. பிள்ளைக்கு அது பெரிய பதவி. பள்ளிக்கூட உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு நாளும் தவறாமல் போனாள். சிங்களத்தில் பொலங்கா என்பார்களே, அந்த விரியன் படங்கு மடிப்புக்குள் கிடந்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டது. நான் ரப்பர் பால் வெட்டப் போனவள், சத்தம் கேட்டுக் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

தோட்டத்து லொறி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு அவிசாவளைக்குப் போயிருந்தது. மலையில் வேறு வாகனம் எது? உங்கள் கார்தான். அஜந்தன் சாவியை ஆணியிலிருந்து எடுத்தான், பிள்ளையைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினான். கிளம்பவில்லை. பொனட்டைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, அக்கா, ரோட்டர் இல்ல, சாமிப் படத்துக்குப் பின்னால பாருங்க என்று கத்தினான். நான் ஓடினேன். படத்தைப் புரட்டினேன். திருநீறு மட்டும் கொட்டியது. அரிசிப் பானை, தகரப் பெட்டி, உங்கள் சட்டைப் பை எல்லாம் கவிழ்த்தேன். கொழும்புக்கே கொண்டு போவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி, மைத்துனன், இந்த மலை, மாரியாத்தா, யாரையுமே நம்பாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறீர்கள்.

தள்ளி இறக்குவோம், பள்ளத்துல தானா போகும் என்று லயத்து ஆட்கள் சொன்னார்கள். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து தள்ளினார்கள். அஜந்தன் ஸ்டியரிங்கைப் பிடித்தான், நான் லதாவை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தேன். நல்ல கார்தான், சத்தமே இல்லாமல் இறங்கியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றத்தில் நின்றுவிட்டது. எத்தனை பேர் தள்ளியும் அந்த இரும்பு அசையவில்லை. பிறகு கம்பளியில் போட்டுக் குருவிட்ட ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைகாட்டியதும் ஒரு பஸ்காரர் நிறுத்தினார், சிங்கள மனுஷன். வழியில் யாரையும் ஏற்றாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். அவர் பெயர்கூடத் தெரியாது. அவர் பிள்ளைகள் நூறு வருஷம் இருக்கட்டும்.

மருந்து ஏற்றினார்கள். ஆனால் விஷம் அதற்குள் கிட்னியில் இறங்கிவிட்டது. மூத்திரம் போகவில்லை. முகம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. வயிற்றில் குழாய் போட்டு இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன், இந்த நிலையில் அசைக்க முடியாது என்றார்கள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ், என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள். இன்று காலையில் டொக்டர் வந்து, பிள்ளையின் அப்பா எங்கே, சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். உடனே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

ஹாஜியார் நேற்று வந்திருந்தார். நீங்கள் அவரைச் சாக்காகச் சொல்ல முடியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எப்பவாச்சும் வேலுவ ரோட்டர கழட்டி வைக்கச் சொன்னேனா, மலையில யாரு களவெடுக்கப் போறா, என் மக ஆஸியா கலியாணத்துக்கு எந்த வண்டியில போனா என்ன என்று கேட்டார். அதற்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள்.

கார் இன்னும் பாலத்து ஏற்றத்தில்தான் நிற்கிறது. புதனிலிருந்து விடாத மழை. படங்கு போடவா என்று தோட்டத்து ஆட்கள் வந்து கேட்டார்கள். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கதவும் திறந்தபடி கிடக்கிறதாம். கிடக்கட்டும். ஐந்து வருஷம் நான் நனைந்தேன்.

உங்களைத் திட்டித் தீர்ப்பதற்கு எனக்கு ஆயுசு கிடக்கிறது. இப்போது லதா சொன்னதை எழுதுகிறேன்.

காரில் இருக்கும்போது அவள் இரத்தமாக வாந்தி எடுத்தாள். கண்ணாடியை இறக்கப் பார்த்தேன், இறக்குகிற கைப்பிடிகளையும் முலாம் பூசக் கழற்றிக்கொண்டு போயிருந்தீர்கள். எல்லாம் சீட்டில் பட்டுவிட்டது, நீங்கள் போன மாதம் தைத்து முடித்த அந்த வெள்ளைத் தோல் சீட்டில். அந்த வேதனையிலும் பிள்ளை தன் பள்ளிக்கூடக் கவுனைப் பிடித்துச் சீட்டைத் துடைத்தது. நான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து நினைவு வரும்போதெல்லாம் அதே பேச்சுத்தான். நானா ஏறி உட்காரலன்னு அப்பாக்கு எழுதுங்கம்மா, மாமாதான் தூக்கிப் போட்டாங்க, சீட்ட நான் தொடச்சிட்டேன், அப்பா ஏசுவாங்களா என்று கேட்கிறாள். ஏசமாட்டார் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. நான் சொன்னால் அவள் நம்பவில்லை. நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

ஆகையால் அஜந்தனோடு அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வாருங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், நேரே வார்டுக்குள் போங்கள். கையைக் கழுவிக்கொண்டு போய் அவள் தலையில் வையுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், அவள் முன்னால் அழுதுவிடாதீர்கள். அழுதால், சீட்டுக்காக அழுகிறீர்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உங்கள் மகளுக்குப் பக்கத்தில் இருக்கும்
விஜயகலா