முன்கூட்டி நிரப்பிய கட்டங்கள்

புதன்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நானும் அண்ணனும் நலம். நீங்களும் உங்கள் அக்கா வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் இங்கிருந்து கிளம்பிப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. எப்போது போன் செய்தாலும் உங்கள் அக்காதான் எடுக்கிறார். "அவ படுத்திருக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். காலை பதினொரு மணிக்குப் படுக்கிற ஆளா நீங்கள்? எனக்குத் தெரியாதா? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் முதலில் கேட்கப்போவது குழந்தையைப் பற்றித்தான். நம் மூடித் திருடன் நலமாக இருக்கிறான். மருத்துவமனையில் மூன்று நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். மூளைக்கு ஒரு குறையும் இல்லை, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவனுடைய துணிமணிகளை எடுத்துப்போக அவன் அம்மா வந்தாள். இடுப்பில் இருந்தபடியே என் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, கோப்பு முழுவதும் கொட்டிவிட்டான். பதினாலு மாதத்தில் இந்த வேலை. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உங்களைப் பற்றிக் கேட்டாள். "விட்டுட்டுப் போனதும் அவங்க, மூச்சு ஊதிப் பொழைக்க வச்சதும் அவங்க. நான் அவங்களை என்னன்னு நினைக்கிறது, சொல்லுங்க" என்றாள். துணிகளைப் பையில் போட்டுக் கொடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நம் குழந்தைகள் காப்பகம் ஓடுகிறது. இருபத்தாறு குழந்தைகளில் இப்போது பதினைந்துதான் வருகின்றன. ஒரு நல்ல செய்தி. கடிவாய்க்காரி நேற்று யாரையும் கடிக்கவில்லை. அவள் கையிலிருந்த மரக்கட்டையை இன்னொரு குழந்தை பிடுங்கியபோது வாயைத் திறந்தாள், அப்புறம் நிறுத்தி, "வேணாம், எனது" என்றாள். நாலு மாதமாக நீங்கள் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் கையை உங்கள் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த இரண்டு சொல். அவளுடைய கற்றல் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நல்லவள்தான், ஆனால் தரையில் உட்கார மாட்டேன் என்கிறாள். முழங்கால் வலியாம். இருபத்தைந்து வயது.

விசாரணை அதிகாரி இரண்டு முறை வந்தார். அதிகம் பேசாத பெண்மணி. தொட்டில்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை நாடா வைத்து அளந்தார். கதவுக் கொக்கி குழந்தைக்கு எட்டுமா என்று முட்டிபோட்டுப் பார்த்தார். பிறகு நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். குழந்தைகள் தூங்கிவிட்டதால் நீங்களாகவே அறையை விட்டு வெளியே வந்ததாகவும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குழந்தையைப் பார்த்து டிக் போட வேண்டிய தூக்க அட்டவணையை நீங்களாகவே முன்கூட்டி நிரப்பியதாகவும் அதில் இருந்தது. இதில் சேர்க்க ஏதாவது உண்டா என்று என்னைக் கேட்டார். சுருக்கமாகப் பதில் சொன்னேன்.

இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்வார்களாம். நீங்கள் இனிமேல் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்யலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. சில பேருக்கு இரண்டு வருடத் தடையோடு விட்டிருக்கிறார்களாம். எனக்குத் தெரிந்த வகையில் சொல்லிப் பார்க்கிறேன். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம்.

அண்ணன் இரவுச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்கு வருகிறார். பேச்சு குறைந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை மறவாத
நாத்தனார்


வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பதில் திங்களன்று கிடைத்தது. நாலு வரி. "பழசைக் கிளறாதே. நான் போனா ஒரு ஆள் போன மாதிரி. நீ போனா இருபத்தாறு பிள்ளைங்களுக்கு இடம் போயிடும். உங்க அண்ணனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு." இவ்வளவுதான். நாலு வரியில் எங்கேயும் ஒரு குற்றச்சாட்டு இல்லை. அதைத் தேடித்தான் நான் மூன்று முறை படித்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன கடிதத்தில் அதிகாரிக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? நான் சொன்னது "இல்லை" என்கிற ஒரே சொல். சேர்க்க ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், அண்ணி.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு முறையாவது என் கையால் எழுத வேண்டும்.

அன்று தூங்கும் அறையில் ஒன்பது குழந்தைகள். இரண்டு பேர் இருக்க வேண்டும். உங்களோடு இருக்க வேண்டியவள் காய்ச்சல் என்று வரவில்லை. ஒருத்தர் குறைந்தால் மேலாளர், அதாவது நான், போய் அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியதே நான்தான். ஆனால் மறுநாள் ஆண்டு ஆய்வு. கற்றல் குறிப்பேடுகளில் படங்கள் ஒட்டாமல் கிடந்தன. எந்தப் படம் எந்தக் குழந்தை, எப்போது எடுத்தது, அன்று அந்தக் குழந்தை புதிதாக என்ன செய்தது, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒன்றேகாலுக்கு நான் அறை வாசலில் வந்து நின்று, "அண்ணி, ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க" என்றேன். நீங்கள் குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தீர்கள். "ரெண்டு இன்னும் சரியாத் தூங்கலையே" என்றீர்கள். "அதெல்லாம் தூங்கிடும், வாங்க" என்றேன்.

வீட்டில் நீங்கள் சொன்னால் நான் கேட்பேன். காப்பகத்தில் நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள். எத்தனை நாள் இதைச் சொல்லி நாம் சிரித்திருக்கிறோம். அன்றைக்கும் நான் சொன்னதால்தான் வந்தீர்கள்.

அஞ்சு நிமிஷம் இருபத்திரண்டு நிமிஷம் ஆயிற்று. மூடித் திருடன் கையில் மெல்லிய துணி இல்லாமல் தூங்க மாட்டான். அதற்கு அனுமதி உண்டு, ஆனால் தூங்கியதும் பத்தாவது நிமிடத்தில் வரும் முதல் பார்வையில் அதை எடுத்துவிட வேண்டும். அந்தப் பத்தாவது நிமிடத்தில் நீங்கள் என் மேஜையில் அவனுடைய படத்துக்குக் கீழே, "முதல் முறையாகத் தானாக மூடியைத் திறந்தான்" என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் பசை தடவிக்கொண்டிருந்தேன். குழந்தையை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறோம் என்று காட்டுவதற்காக, கவனிக்கிறவரையே அங்கிருந்து கூட்டிவந்துவிட்டேன்.

திரும்பிப் போய் நீங்கள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. துணி அவன் முகத்தில் சுற்றியிருந்தது. உதடு நீலம். நான் வாசலில் மரம் மாதிரி நின்றேன். முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் எனக்கும்தான் இருக்கிறது, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். நீங்கள்தான் தரையில் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து, ஊதி, நெஞ்சை அழுத்தி, மறுபடி ஊதினீர்கள். அவன் அழுத பிறகுதான் எனக்குக் கால் வந்தது.

அட்டவணைக்கு வருகிறேன். ஒன்று முப்பத்தேழுக்கு அவனைத் தூக்கினீர்கள். அட்டவணையில் மூன்று மணி வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. இதைப் பார்த்துத்தான் அதிகாரிக்கு உங்கள்மேல் கோபம். ஆனால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இரண்டு வருடத்துக்கு முந்திய ஆய்வில் நான்கு கட்டங்கள் காலி என்று குறிப்பு எழுதினார்கள். மறுநாள் எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினேன். குழந்தை வாந்தி எடுத்தாலும் சரி, கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றேன். வாந்தி எடுத்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு யார் போய் டிக் போடுவார்கள்? அதனால் எல்லோரும் முதலிலேயே போட ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரியும். ஒரு மணிக்கே மூன்று மணி வரை நிரம்பிய தாளைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருக்கிறேன். உங்கள் தாள் ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டி, "இதைப் பார்த்துக் கத்துக்கங்க" என்றும் சொன்னேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று இரவு சாப்பாட்டின்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் அவரிடம்கூடச் சொல்லவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "பதினேழு வருஷத்துல ஒரு நாள்கூட அவ உன்னை விட்டுக்கொடுத்ததில்ல. உனக்கு ஒரு நாள் வந்துச்சு, அன்னைக்கே நாத்தனார் புத்தியைக் காட்டிட்ட" என்றார். அதற்குப் பிறகு சாப்பிட வரவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன், அண்ணி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் சாப்பாட்டு மேஜையில் யாரும் உட்கார முடியாது.

செவ்வாய்க்கிழமை அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டது நான், உட்கார வேண்டிய இடத்தில் உட்காராதது நான், கட்டத்தை நிரப்பச் சொன்னது நான். அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்க நாத்தனார், அவங்க அண்ணி. ஒரே குடும்பம். அன்னைக்கு ஒண்ணுமில்லன்னீங்க. இன்னைக்கு வந்து எல்லாம் நான்தான்னு சொல்றீங்க. அவங்க வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்காங்க. நான் எதை எடுத்துக்கிறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. உங்களைக் காப்பாற்ற நான் பொய் சொல்வதாக நினைக்கிறார். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றியது நீங்கள் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பேன்?

வருகிற புதன்கிழமை காலை பத்து மணிக்கு உங்களுக்குப் போன் செய்வார். ஒரே ஒரு கேள்வி கேட்பாராம். உங்களை அறையிலிருந்து யார் கூப்பிட்டது என்று. அன்றைக்கும் நீங்கள் "நானாத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். இந்த வேலையில் இனி உங்களுக்கு இடம் இருக்காது. நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் ஒன்றேகால் மணிக்கு அந்த அறை வாசலைத் தாண்டிப் போவேன்.

காப்பகம் போய்விடும் என்று கவலைப்படாதீர்கள். வேறொரு மேலாளரைப் போடுவார்கள், கதவு திறந்திருக்கும். எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தையின் அம்மா உங்களை என்னவென்று நினைப்பது என்று கேட்டாளே, அவளுக்கு ஒரு பதில் வேண்டும். அதை நான் மட்டும் சொன்னால் செல்லாதாம்.

நீங்கள் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் செய்த எத்தனையோ தப்பை என் அம்மாவிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறீர்கள். அப்போதெல்லாம் நான் உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். புதன்கிழமை போனை உங்கள் அக்கா எடுக்க வேண்டாம், நீங்களே எடுங்கள். அவர் கேட்டதும் யோசிக்காதீர்கள். அண்ணன் முகத்தை நினைக்காதீர்கள், என் முகத்தை நினைக்கவே நினைக்காதீர்கள். "என் நாத்தனார்தான் கூப்பிட்டா" என்று சொல்லுங்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், அண்ணி, இந்த ஒரு முறை என்னைக் காட்டிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்